சான்றுகளைத் திரட்டும் முன்பே தீர்மானமாகிவிடும் தரம்

டிரைகுளோரோஎத்திலீன் என்பது உலோகப் பாகங்களில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்காகத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்த கரைப்பான். அது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குமா என்ற ஒரே கேள்விக்கு வெவ்வேறு அமைப்புகளும் நிபுணர் குழுக்களும் எழுதிய 29 மதிப்பீடுகளை ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் கிறிஸ்டினா ருடேன் அருகருகே வைத்து ஒப்பிட்டு, 2001இல் வெளியிட்டார். முடிவுகள் வேறுபட்டிருந்தன என்பது பலரும் அறிந்ததுதான். அவை ஏன் வேறுபட்டன என்பதையே அவருடைய ஒப்பீடு காட்டியது. மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் ஒரே கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கருத்தில் பிரிந்திருக்கவில்லை; ஆளுக்கொரு கட்டுரைத் தொகுப்பைக் கையில் வைத்திருந்தார்கள். ஒரே கட்டுரையை எடுத்துக்கொண்டவர்களும் அதன் நம்பகத்தன்மையை வெவ்வேறு விதமாக எடைபோட்டிருந்தார்கள். பின்னாளில், 2012இல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அந்தப் பொருளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் சேர்த்தது.

அந்த ஒப்பீட்டைப் படித்தபோது நான் நச்சியல் ஆய்வகப் பயிற்சியை முடித்து, வேதிப்பொருள்களின் தீங்கு பற்றிய சான்றுகளைத் தொகுத்து அறிக்கை எழுதும் பணிக்கு வந்திருந்தேன். அந்நாளில் அந்தப் பணி நடந்த விதம் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு மூத்த அறிஞர் தமக்குத் தெரிந்த முக்கியக் கட்டுரைகளைச் சொல்வார்; அவற்றின் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடுவோம்; கிடைத்ததைப் படித்து, பொருத்தமானது என்று தோன்றியதை எழுதுவோம். அந்த அறிஞர்களின் புலமையில் எனக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் ஒரு கட்டுரை ஏன் உள்ளே வந்தது, இன்னொன்று ஏன் வெளியே நின்றது என்பதற்கு அறிக்கையில் எந்தத் தடயமும் இருக்காது. படிப்பவர் ஒன்று நம்ப வேண்டும், அல்லது முழு வேலையையும் தாமே மறுபடி செய்ய வேண்டும். குடிநீரில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கலாம், ஒரு பூச்சிக்கொல்லியை விற்கலாமா என்பன போன்ற முடிவுகள் இத்தகைய அறிக்கைகளின் மேல்தான் நிற்கின்றன. அதனால்தான் மதிப்பாய்வு செய்யும் முறையைச் சீர்செய்வதையே என் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

மருத்துவத் துறை இதே சிக்கலை எங்களுக்கு முன்பே எதிர்கொண்டிருந்தது. எல்லா மருத்துவச் சோதனைகளையும் துறைவாரியாகத் திரட்டி, ஆராய்ந்து, அவ்வப்போது புதுப்பித்துத் தரும் ஏற்பாட்டை மருத்துவர்கள் உருவாக்கத் தவறிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1979இல் குறைகூறினார். அந்தப் பணிக்காகவே, அவர் பெயரைத் தாங்கிய காக்ரேன் கூட்டமைப்பு 1993இல் தொடங்கியது. இடையில் 1992இல் வந்த ஓர் ஒப்பீடு என் தலைமுறையினர் பலரையும் உலுக்கியது. மாரடைப்புக்கான சிகிச்சைகள் பற்றிய சோதனை முடிவுகளை ஆண்டுவாரியாகக் கூட்டிப் பார்த்து, அதே ஆண்டுகளில் பாடநூல்களும் நிபுணர் கட்டுரைகளும் என்ன பரிந்துரைத்தன என்பதோடு அது பொருத்திக் காட்டியது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துகள் உயிர் காக்கின்றன என்பது எண்களில் தெளிவான பிறகும் நிபுணர்களின் பரிந்துரையில் அவை இடம்பெறப் பல ஆண்டுகள் ஆயின. இறப்பைக் குறைப்பதாகச் சான்றே இல்லாத லிடோகெயினோ, இதயத் துடிப்பு சீர்குலையாமல் இருக்க முன்தடுப்பு மருந்தாகத் தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்டது. கற்றறிந்தவர்கள் நல்லெண்ணத்தோடு எழுதினாலும், முறை இல்லாவிட்டால் சான்றும் பரிந்துரையும் பிரிந்து போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மருத்துவத்தில் பழகிய முறையை அப்படியே எடுத்துச் சுற்றுச்சூழல் நலத்தில் பொருத்திவிடலாம் என்று தொடக்கத்தில் பலரும் எண்ணினார்கள். அது நடவாது என்பதற்கான காரணங்கள் எளியவை. மருந்தைக் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் இருந்து சோதிக்கலாம். ஈயத்தையும் நுண்தூசியையும் அப்படி மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஒரு பொருளை மூச்சு, உணவு, தண்ணீர், தோல் வழியாக நம் உடல் எதிர்கொள்வதை வெளிப்பாடு என்கிறோம். அந்த வெளிப்பாடு சிறிதளவேனும் எல்லோருக்கும் இருக்கும் என்பதால், தூய்மையான ஒப்பீட்டுக் குழு கிடைப்பதே அரிது. கையில் இருப்பவை மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த கவனிப்பு ஆய்வுகள், விலங்குச் சோதனைகள், செல்களில் செய்த ஆய்வுகள் ஆகிய மூன்று வகைச் சான்றுகள். இவற்றைச் சேர்த்துப் படித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். சான்றின் உறுதியைப் படிகளாக மதிப்பிட மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் கிரேடு முறை, கவனிப்பு ஆய்வுகளின் தொகுப்பைத் தொடக்கத்திலேயே குறைந்த நம்பகத்தன்மை என்ற படியில் வைத்து வந்தது. சான்று முழுவதுமே கவனிப்பு ஆய்வாக இருக்கும் ஒரு துறையில் அந்தத் தொடக்கப் புள்ளி பொது நலனுக்குப் பெரும் இடர். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டிரேசி உட்ரஃப் தலைமையிலான குழு உருவாக்கி 2011இல் வெளியிட்ட நேவிகேஷன் கைடு முறை, மனிதரிடம் செய்த கவனிப்பு ஆய்வுகளை நடுத்தரப் படியில் தொடங்கி, காரணம் காட்டி மேலேயோ கீழேயோ நகர்த்தச் சொன்னது. அந்தச் சிறிய மாற்றத்தின் பின்னால் இருந்த சிந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த முறையை வைத்து 2014இல் வெளிவந்த பி.எஃப்.ஓ.ஏ. மதிப்பாய்வைப் புதியவர்களுக்கு இன்றும் நான் முதலில் படிக்கக் கொடுக்கிறேன். ஒட்டாத பூச்சுகளின் தயாரிப்பில் பயன்பட்ட அந்தப் பொருள் கருவின் வளர்ச்சியைக் குறைக்குமா என்பது கேள்வி. மனிதச் சான்றும் விலங்குச் சான்றும் தனித்தனியே எடைபோடப்பட்டு, பிறகு இணைக்கப்பட்டன. தாயின் இரத்தச் சீரத்தில் அந்தப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 18.9 கிராம் குறைகிறது என்ற மதிப்பீட்டையும், உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் அதன் நம்பிக்கை இடைவெளி 7.9 முதல் 29.8 கிராம் வரை என்பதையும், ஒவ்வொரு தீர்ப்புக்கான காரணத்தையும் வரிசையாகப் பார்க்கலாம். முடிவில் உடன்படாதவர்கூடத் தாம் எந்த இடத்தில் உடன்படவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். நான் ஒரு மதிப்பாய்விடம் கேட்பது அவ்வளவுதான்.

ஆண்டுகள் செல்லச் செல்ல எனக்குள் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: ஒரு மதிப்பாய்வின் தரம், முதல் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. கேள்வியை எப்படி அமைத்தார்கள், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று எந்த நேரத்தில் முடிவு செய்தார்கள் என்பவைதான் மற்ற எல்லாவற்றையும் வழிநடத்துகின்றன. ஆய்விதழ் ஒன்றில் மதிப்பாய்வுக் கட்டுரைகளுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தபோதுதான் இது எனக்கு முழுமையாகப் புலப்பட்டது. முடிந்த கட்டுரைகள் மேசைக்கு வரும். தேடல் ஒரே தரவுத்தளத்தில் நடந்திருக்கும், அல்லது சேர்ப்பு விதிகள் முடிவுகளைப் பார்த்த பிறகு எழுதப்பட்டவை என்பது தெரியும். எழுதியவர்கள் ஓராண்டுக்கும் மேலாக உழைத்திருப்பார்கள். தேடலை மறுபடி செய்யுங்கள் என்று அந்த நிலையில் சொல்வது, கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றச் சொல்வதற்கு ஒப்பானது. சக ஆய்வாளர்களின் கருத்துரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது அப்போது சொற்களைத்தான் திருத்தும்.

ஆகவே புரோட்டோகால் எனப்படும் முன்திட்டத்தை, ஆய்வு தொடங்கும் முன்பே அனுப்பச் சொல்லி, அதையே சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு உட்படுத்தும் வழக்கத்தை நானும் உடன் பணியாற்றியவர்களும் வளர்த்தோம். இதற்கு எதிர்ப்பும் இருந்தது. இரண்டு முறை மதிப்பீடு என்றால் இரண்டு மடங்கு தாமதம் என்றார்கள். முன்திட்ட நிலையில் ஒரு பக்கக் கருத்துரையால் சரியாகும் குறையை, கட்டுரை நிலையில் எத்தனை சுற்றுக் கடிதப் போக்குவரத்தாலும் சரிசெய்ய முடிவதில்லை என்பதை நேரில் கண்ட பிறகு, அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று மனித நலம் தொடர்பான மதிப்பாய்வுகளின் திட்டங்களைப் பதிவு செய்ய 2011 முதல் ப்ரோஸ்பெரோ என்ற பொதுப் பதிவேடு இருக்கிறது. நச்சியல், சுற்றுச்சூழல் நல மதிப்பாய்வுகளை எப்படித் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பதற்கு, எட்டுப் பிரிவுகளில் 70 பரிந்துரைகளைக் கொண்ட காஸ்டர் என்ற வழிகாட்டுதல் 2020இல் வெளியாயிற்று. திட்டம் எழுதத் தொடங்குபவர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினாலே, நான் மேசையில் கண்ட குறைகளில் பெரும்பகுதி பிறக்காமலே போய்விடும்.

கேள்வியை அமைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் பெக்கோ என்ற சட்டகத்தில் கேள்வியை எழுதுகிறோம்: எந்த மக்கள், எந்த வெளிப்பாடு, எதனோடு ஒப்பீடு, எந்த விளைவு. முதல் இரண்டையும் நான்காவதையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஒப்பீடு என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிடும். "குறைந்த வெளிப்பாடு" என்று இரண்டு சொல்லை இட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரு மாசுப்பொருளுக்கும் நோய்க்கும் தொடர்பே இருக்கிறதா என்று அறிய விரும்புகிறோமா, எந்த அளவுக்குக் கீழே சென்றால் தீங்கு குறையும் என்று அறிய விரும்புகிறோமா, இருக்கும் ஒரு வரம்பு போதுமா என்று சோதிக்கிறோமா என்பதைப் பொறுத்து ஒப்பீடு முற்றிலும் மாறும். அது மாறினால் சேர்க்க வேண்டிய ஆய்வுகளும் மாறும். 2018இல் வெளியான பெக்கோ பற்றிய வழிகாட்டுக் கட்டுரை ஐந்து சூழல்களைப் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் கேள்வி அவற்றில் எதில் அடங்குகிறது என்று குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யும் ஒரு பிற்பகல், பின்னால் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். நான் நடத்தும் பயிற்சிகளில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கேள்வியை எழுதியவரிடம், "உங்கள் முடிவை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று கேட்பேன். அதற்குத் தெளிவான பதில் வந்தால் ஒப்பீட்டுக் கட்டம் தானாக நிரம்பிவிடும். வராவிட்டால் கேள்வி இன்னும் முதிரவில்லை என்று பொருள்.

அடுத்து, ஆய்வுகளின் தரத்தை எடைபோடுவது. ஒருவர் ஆய்வைப் படித்து, தரம் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மதிப்பெண் என்று போட்டுக் கூட்டி, இருபதுக்குப் பதினான்கு என்று எழுதுவது கவர்ச்சியானது. அட்டவணை அழகாக இருக்கும். அந்தக் கூட்டல் பொருளற்றது என்பதை ஏற்கச் செய்வதில்தான் என் பணிக்காலத்தின் கணிசமான பகுதி கழிந்தது. ஓர் ஆய்வில் வெளிப்பாட்டை அளந்த விதமே தவறாக இருந்தால், மற்ற ஒன்பது இடங்களில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அதன் முடிவை நம்ப முடியாது. முடிவை ஒரு பக்கம் சாய்க்கும் ஒருசார்புக்கு இடமுள்ள ஒவ்வொரு வாயிலையும் தனித்தனியே பார்த்து, அது இந்தக் கேள்விக்கு எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது, முடிவை எந்தத் திசையில் இழுத்திருக்கும் என்று சொற்களால் எழுத வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு முறையில் இத்தகைய மதிப்பெண் இருந்தது. அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2021இல் அதை ஆராய்ந்து, அம்முறை முறைசார் மதிப்பாய்வுக்கான, அதாவது முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி சான்றுகளைத் திரட்டி எடைபோடும் மதிப்பாய்வுக்கான, தரத்தை எட்டவில்லை என்று கூறியதோடு எண் மதிப்பெண்களைக் கைவிடவும் சொன்னது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் இதே முகமையின் ஃபார்மால்டிஹைடு மதிப்பீட்டை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சி மன்றக் குழுவும், 2011இல், முறை தெளிவாக இல்லை என்றே சொல்லியிருந்தது. வெளிப்படையான இந்த விமர்சனங்கள் துறையை முன்னே தள்ளின. குறை சொல்லப்பட்ட அமைப்புகள் தங்கள் முறைகளை மாற்றிக்கொண்டு வருவதையும் நான் பார்க்கிறேன்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். ஓர் ஆய்வு நன்றாக எழுதப்பட்டிருப்பதும், அது நன்றாகச் செய்யப்பட்டிருப்பதும் வேறு வேறு. 1997இல் வெளியான கிளிமிஷ் வகைப்பாடு நச்சியல் ஆய்வுகளை நான்கு பிரிவாகப் பிரித்தது. ஒழுங்குமுறைக்கான நிலையான சோதனை வழிகாட்டுதலின்படியும் நல்ல ஆய்வக நடைமுறையின்படியும் நடந்தவற்றுக்கு அது முன்னுரிமை தந்தது. பதிவேடுகள் ஒழுங்காக இருப்பது நல்லதுதான். ஆனால் விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்களா, விளைவை அளந்தவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா, குட்டிகளை எண்ணிய விதம் சரியா என்பவற்றுக்கு அந்த ஒழுங்கு மட்டும் விடை தராது. கடைசியாகச் சொன்னது அடிக்கடி கண்ணில் படும் குறை. கருவுற்ற எலிக்குப் பொருளைக் கொடுத்துவிட்டு, அது ஈன்ற பத்துக் குட்டிகளையும் பத்துத் தனி விலங்குகளாகக் கணக்கிட்டால், எண்ணிக்கை செயற்கையாகப் பெருகி, இல்லாத உறுதி இருப்பதாகத் தோன்றும். பொருள் கொடுக்கப்பட்டது தாய்க்கு. ஆகவே ஒரு தாய் ஒருமுறை ஈன்ற குட்டிகள் எல்லாம் சேர்ந்த ஓர் ஈற்றுதான் ஓர் அலகு. விலங்கு ஆய்வுகளுக்காகவே 2014இல் வந்த சர்க்கிள் ஒருசார்புக் கருவியையும், ஈற்று பற்றிய இந்தக் கேள்வியையும் சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரு கட்டுரையின் வலிமை விரைவில் தெரிந்துவிடும்.

தரவைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பலர் எழுத்தர் வேலையாகக் கருதி, குழுவில் இளையவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. நச்சுத்தன்மை பற்றிய அறிவும் புள்ளியியலும் ஒருசேரத் தேவைப்படும் இடம் அதுதான். ஒருமுறை இரண்டு இளம் ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையிலிருந்து தனித்தனியே எண்களை எடுத்தார்கள். வெளிப்பாடு கூடும்போது விளைவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்ணான கெழு, அட்டவணையில் இருந்தபடி இருவரிடமும் ஒன்றே. ஆனால் அதன் அலகைக் குறிக்கும் கட்டத்தில் ஒருவர் "இயல் மடக்கை ஓரலகுக்கு" என்றும், மற்றவர் "வெளிப்பாடு இரட்டிப்பாகும்போது" என்றும் எழுதியிருந்தார்கள். கட்டுரையின் முறைப் பகுதி முதலாவதையும், அட்டவணையின் அடிக்குறிப்பு இரண்டாவதையும் சொல்லின. இயல் மடக்கைக் கெழுவை 0.693ஆல் பெருக்கினால்தான் இரட்டிப்புக்கான மதிப்பு வரும். பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையானால் 0.301ஆல் பெருக்க வேண்டும். இரட்டிப்புக்கான மதிப்பை இயல் மடக்கைக் கெழுவாகக் கொண்டால் முடிவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் பிழையாகும், பல ஆய்வுகளின் எண்களை இணைக்கும் மெட்டா பகுப்பாய்வில் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. இருவரும் தம் தம் பதிவுகளை ஒப்பிட்டதால்தான் முரண் வெளிப்பட்டது. கட்டுரை ஆசிரியருக்கு எழுதிக் கேட்டோம், இரட்டிப்பு என்பதே சரி என்று பதில் வந்தது. இருவர் தனித்தனியே எடுக்க வேண்டும் என்ற விதி வீண் செலவு என்று யாராவது சொல்லும்போது இந்த அட்டவணைதான் என் நினைவுக்கு வரும்.

பிரித்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. சிறுநீரில் அளந்த பொருளென்றால், நீர்த்த அளவைச் சரிசெய்ய, சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியாட்டினினைப் பயன்படுத்தினார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே இருந்த மாதிரிகளுக்கு என்ன எண்ணை இட்டார்கள், அத்தகைய மாதிரிகள் எத்தனை விழுக்காடு என்பதும் முக்கியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே மக்கள் தொகுப்பு பல கட்டுரைகளில் தோன்றும். பிறப்பிலிருந்து பின்தொடரப்படும் குழந்தைகளின் தொகுப்பான ஒரு பிறப்புக் கோஹார்ட்டின் தரவை வைத்து வெவ்வேறு ஆசிரியர் வரிசையோடு மூன்று நான்கு கட்டுரைகள் வந்திருக்கும். அவற்றைத் தனித்தனி ஆய்வுகளாக எண்ணினால் ஒரே குழந்தைகள் பலமுறை எண்ணப்படுவார்கள். கட்டுரை வாரியாக இல்லாமல் மக்கள் தொகுப்பு வாரியாக வரிசைப்படுத்திய பட்டியலை முதலிலேயே தயாரித்துக்கொள்வது நல்லது.

"தொடர்பு இல்லை" என்று சொல்லும் ஆய்வுகளை எப்படிப் படிப்பது என்பதில் எங்கள் துறைக்கே உரிய ஒரு பொறுப்பு இருக்கிறது. வெளிப்பாட்டைத் தோராயமாக அளந்தால், அந்தத் தோராயம் நோயுற்றவரையும் நலமாக இருப்பவரையும் ஒரே மாதிரி பாதிக்கும்போது, உண்மையான தொடர்பு பெரும்பாலும் மங்கிக் காணப்படும். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிப்பாடு உள்ள மக்களிடம் ஆய்வு செய்தாலும் அதே நிலைதான். பின்தொடர்ந்த காலம் நோய் தோன்றப் போதாமல் இருக்கலாம். ஆகவே ஓர் ஆய்வுக்குத் தீங்கைக் காணும் திறன் இருந்ததா என்பதையும் தனியாக மதிப்பிட வேண்டும். புள்ளியியல் முக்கியத்துவம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணி வாக்கெடுப்பு நடத்துவதை நான் முன்திட்டத்தில் கண்டால் உடனே திருப்பி அனுப்புவேன். அது சிறிய ஆய்வுகளின் பலவீனத்தைப் பாதுகாப்பின் சான்றாக மாற்றிவிடுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் அந்தக் காற்றையும் நீரையும் தவிர்க்க முடியாதவர்கள்.

முன்திட்டம் இருந்தால் கருத்து வேறுபாடே வராது என்று யாரும் எண்ண வேண்டாம். நெகிழிப் பொருள்களின் தயாரிப்பில் பயன்படும் பிஸ்ஃபீனால் ஏ நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் அதன் நாளாந்தத் தற்காலிக வரம்பை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது. 2017இல் மறுமதிப்பீட்டுக்கான புரோட்டோகாலை முன்கூட்டியே வெளியிட்டு, அதன்படி ஆராய்ந்து, 2023இல் 0.2 நானோகிராம் என்று அறிவித்தது. அதாவது 20,000 மடங்கு குறைவு. எலிகளில் ஒருவகை நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியதே அந்த எண்ணுக்கு அடிப்படை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் ஐரோப்பிய மருந்து முகமையும் இதை ஏற்கவில்லை. ஆனால் அந்த விவாதத்தைப் படித்துப் பாருங்கள். செல்களின் எண்ணிக்கை மாறுவதை நோயின் அறிகுறியாகக் கொள்ளலாமா, விலங்கின் அளவை மனிதனுக்கு எப்படி மாற்றுவது என்று குறிப்பிட்ட படிகளைச் சுட்டியே பேசுகிறார்கள். களைக்கொல்லியான கிளைபோசேட் குறித்து 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்றும், அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாய்ப்பு குறைவு என்றும் சொன்னபோது, பொதுவெளியில் நடந்தது பெரும்பாலும் யார் நேர்மையானவர் என்ற சண்டைதான். ஒருவர் பொதுவில் கிடைக்கும் ஆய்வுகளையே கொண்டு, விற்பனைக்கு வரும் கலவைகளையும் சேர்த்துப் பார்த்தார்; மற்றவர் நிறுவனங்கள் ஒப்படைத்த ஆய்வுகளையும் கொண்டு, செயற்படு பொருளை மட்டும் பார்த்தார். கேள்வியே வேறு என்பதை எடுத்துச் சொல்ல எங்களுக்குப் பல மேடைகள் தேவைப்பட்டன.

பண ஆதாரம் பற்றிய பேச்சு வரும்போது குழுக்களில் இறுக்கம் ஏற்படும். நான் கடைப்பிடிப்பது இது: ஆய்வுக்கு யார் பணம் தந்தார்கள் என்பதை எல்லா ஆய்வுகளுக்கும் பதிவு செய்கிறோம், நிதி மூலத்தின்படி முடிவுகள் பிரிகின்றனவா என்று தனியே பார்க்கிறோம், மதிப்பாய்வுக் குழுவில் இருப்பவர் தாமே எழுதிய ஆய்வை எடைபோட ஒருபோதும் அனுமதிப்பதில்லை. கடைசி விதி சிலரை வருத்தியிருக்கிறது. ஒரு பெரிய மதிப்பாய்வில் மூத்த உறுப்பினர் ஒருவர், தம் கட்டுரையைத் தம்மைவிட நன்றாக அறிந்தவர் யார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்; அவரிடம் விவரங்களைக் கேட்டுப் பெற்றோம், தீர்ப்பை வேறு இருவர் எழுதினார்கள்.

இந்த உழைப்புக்குப் பயன் இருக்கிறதா என்று இளையோர் கேட்பதுண்டு. உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் காற்றுத் தர வழிகாட்டுதல்கள் முறைசார் மதிப்பாய்வுகளின் மேல் கட்டப்பட்டவை. சான்றின் உறுதியை எடைபோட கிரேடு முறையைத் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்தூசியின் ஆண்டுச் சராசரி, 2005இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்றிருந்தது 5 ஆகவும், நைட்ரஜன் டை ஆக்சைடு 40இலிருந்து 10 ஆகவும் இறங்கின. இந்த எண்களை எதிர்ப்பவர்களும் எந்த மதிப்பாய்வின் எந்த வரைபடத்திலிருந்து அவை வந்தன என்று தேடிப் பார்க்க முடியும். பொதுமக்களின் நுரையீரலைக் காக்க வேண்டிய ஓர் எண்ணுக்கு அப்படிப்பட்ட அடித்தளம் கிடைத்தது எனக்கு ஆழ்ந்த நிறைவைத் தருகிறது.

தொடங்குபவர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்கிறேன். தேடலை வடிவமைக்க, தரவுத்தளங்களில் பழகிய நூலகர் ஒருவரைத் தொடக்கத்திலேயே குழுவில் சேர்த்து, அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் இடுங்கள். ஒரு வேதிப்பொருளுக்குப் பத்துப் பெயர்கள் இருக்கும், பதிவு எண்ணும் இருக்கும், அவற்றில் ஒன்றை விட்டாலும் ஒரு நாட்டின் ஆய்வுகள் முழுதுமே விடுபடக்கூடும். சேர்ப்பு விதிகளை எழுதிய பின், சில டஜன் கட்டுரைகளில் எல்லோரும் தனித்தனியே அவற்றைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே பிரிகிறீர்கள் என்று பேசி, விதியின் சொற்களைத் திருத்திய பிறகே முழு வேலையைத் தொடங்குங்கள். திட்டத்திலிருந்து விலக நேர்ந்தால் விலகலாம். எப்போது, ஏன் என்று எழுதி வையுங்கள். தலைப்புகளைச் சலிக்க உதவும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன; அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் அவை விட்டவற்றில் ஒரு பகுதியை மனிதக் கண்ணால் சோதிப்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். துறை பரந்ததாகவும் கேள்வி தெளிவற்றும் இருந்தால், முதலில் எந்தெந்தப் பொருளுக்கு எந்தெந்த விளைவு பற்றி ஆய்வுகள் இருக்கின்றன என்ற சான்று வரைபடத்தை உருவாக்குங்கள். விடை தராவிட்டாலும், எங்கே கேள்வி கேட்கலாம் என்று அது காட்டிவிடும். பிரித்தெடுத்த தரவுக் கோப்பை அலகுகளோடும் குறிப்புகளோடும் பொதுவில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் ஆறு மாதம்தான் இருக்கிறது, பணமும் குறைவு என்று பெரும்பாலான குழுக்கள் என்னிடம் சொல்லும். அது உண்மையான நெருக்கடி. அப்போது இரண்டாவது ஆளை நீக்குவதும், ஒருசார்பு மதிப்பீட்டைச் சுருக்குவதும்தான் முதலில் தோன்றும் வழிகள். நான் அவர்களிடம் படிகளைத் தொட வேண்டாம், கேள்வியைக் குறுக்குங்கள் என்பேன். ஐந்து விளைவுகளுக்குப் பதிலாக ஒன்றை எடுங்கள். எல்லா வயதினரையும் விட்டுக் கருவுற்ற பெண்களை மட்டும் பாருங்கள். வேதிப்பொருள் குடும்பம் முழுவதையும் விட்டு அதில் அதிகம் அளக்கப்பட்ட ஒன்றோடு நில்லுங்கள். மற்ற நான்கு விளைவுகளையும் அதே முன்திட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழு தொடர முடியும்.